அரை வோல்ட் சமாச்சாரம்: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்களும்

போன இதழில் கம்ப்யூட்டர் வைத்த பழைய கார்பரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம்) பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். பிரேக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது ஒரு கடிதம்கூட வரவில்லை. இதற்கு ஒரு கட்டு வந்திருக்கிறது. 1980-களின் ஷெவர்லேயும் ஓல்ட்ஸ்மொபீலும் நம்மவர்கள் வீட்டு கராஜில் இத்தனை கிடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது த்ராட்டில் சென்சாரைப் பற்றி, அதாவது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற பாகத்தைப் பற்றி. அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

1986 மான்டே கார்லோ எஸ்.எஸ். வாங்கியிருக்கிறேன் அண்ணா, 305 கன அங்குல எஞ்சின். சிக்னலில் நின்று மிதித்தால் ஒரு நொடி திக்கிவிட்டுத்தான் நகர்கிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு முனைகளை இணைத்துப் பார்த்தேன், அந்த விளக்கு 21 என்ற கோளாறு எண்ணை மின்னிக் காட்டியது. த்ராட்டில் சென்சாரை மாற்று என்கிறார்கள். புதுசு எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே மாற்றலாமா?
எஸ்.கே., ஹூஸ்டன்

மாற்றலாம் தம்பி. ஆனால் இன்றைக்கு வாங்க வேண்டாம்.

21 என்றால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 'நீ காலை எடுத்துவிட்டாய், எனக்கு வரும் வோல்ட்டோ நீ மிதித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது' என்று கம்ப்யூட்டர் புகார் செய்கிறது, அவ்வளவுதான். 22 என்றால் புகார் நேர் எதிர்: வோல்ட் இருக்க வேண்டியதைவிடக் கீழே கிடக்கிறது. குற்றவாளி யார் என்று இரண்டுமே சொல்லாது.

உங்கள் காரில் இருப்பது ராச்செஸ்டர் க்வாட்ராஜெட், கம்ப்யூட்டரோடு பேசுகிற ரகம். அதன் சென்சார் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரிதான். குமிழைத் திருப்புவோம், இதை அமுக்குகிறோம். வேறு வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு வயரில் 5 வோல்ட் அனுப்புகிறது. கருப்பு வயர் எர்த். நடுவில் உள்ள கருநீல வயரில் கால் எவ்வளவு மிதித்திருக்கிறது என்ற செய்தி திரும்பிப் போகிறது. காலை எடுத்தால் அரை வோல்ட் அளவில் நிற்கும், முழுக்க மிதித்தால் நாலரைக்கு மேல் போகும். கார்பரேட்டரின் மேல்மூடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன பிளஞ்சர் துருத்திக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டர் லிங்க் அதை அமுக்கும், அது கீழே இருக்கிற சென்சாரை அமுக்கும்.

இனி என் கதை. 1984-ல் மிச்சிகன் வந்தேன். நாலு வருஷம் கழித்து ஒரு பனிக்காலத்தில், அப்போது வேலை பார்த்த கடைக்கு ஒரு காடிலாக் ப்ரோம் வந்தது. இதே 21. சென்சாரை மாற்றினேன். மறுவாரம் திரும்பி வந்தது. புது சென்சாரிலேயே கோளாறு என்று நினைத்து இன்னொன்று போட்டேன். மூன்றாவது தடவை வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடையில் வயதான ஒரு போலந்துக்காரர் இருந்தார். ஒன்றும் பேசாமல் வந்தார், பேனா மூடியால் அந்தப் பிளஞ்சரை அமுக்கினார், விட்டார். அது மேலே வரவில்லை. ரப்பர் சீல் ஊறிப் பருத்து பிளஞ்சரை இறுகப் பிடித்திருந்தது. ஒரு டாலர்கூடப் பெறாத சீலுக்காக இரண்டு நல்ல சென்சார்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. அதனால் இந்தச் சங்கதி அன்றைக்கு விட இன்றைக்குத்தான் அதிகம்.

ஆகவே முதலில் விரல். ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சினை ஓட்டாமல், பிளஞ்சரை அமுக்கி விடுங்கள். துள்ளி எழுந்தால் அது நல்லது. சோம்பலாக வந்தாலோ வராமலே நின்றாலோ வியாதி அங்கேதான்.

அடுத்தது மீட்டர். டிஜிட்டல் மல்டிமீட்டராக இருக்கட்டும், பழைய ஊசி மீட்டர் இந்தக் கம்ப்யூட்டர் வயரில் வேண்டாம். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிளக்கைக் கழற்றாமலே அதன் பின்பக்கத்தில் குண்டூசி சொருகி, நடு வயருக்கும் கருப்பு வயருக்கும் இடையே அளவெடுங்கள். அப்புறம் த்ராட்டிலை (காற்று போகும் வாயிலுள்ள கதவை) கையால், நத்தை வேகத்தில், முழுக்கத் திறந்து மூடுங்கள். எண் சீராக ஏறிச் சீராக இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் பொத்தென்று விழுந்து எழுந்தால், உள்ளே கரித்தடம் தேய்ந்துவிட்டது. சென்சார் மாற்ற வேண்டியதுதான். ஏற்றம் இறக்கம் சீராக இருந்து, தொடக்கமே ஒரு வோல்ட்டில் நின்றால் அது செட்டிங் கோளாறு. எப்போதும் 5 வோல்ட்டிலேயே நின்றால் கருப்பு வயரைப் பாருங்கள். எர்த் அறுந்தாலும் 21-தான் வரும். 40 வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த வயர், பிளக்குக்கு ஓர் அங்குலம் தள்ளி உறைக்குள்ளேயே முறிந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, லேசாக இழுத்தால் ரப்பர் மட்டும் நீளும்.

இத்தனைக்கும் பிறகு சென்சார்தான் என்று உறுதியானால் வேலையைத் தொடங்குங்கள். பாட்டரியைக் கழற்றுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட் பிடிக்கும் நண்பர்கள் வேண்டாம். மேல்மூடி ஸ்க்ரூக்களில் இரண்டு, காற்று போகிற வாய்க்குள் அமுங்கி ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் மூடியை நெம்பி விரிசல் விட்டவர்கள் உண்டு. மூடியை நேர் மேலே தூக்குங்கள்; அதிலிருந்து மெல்லிய குழாய்கள் கீழே தொங்கும், சாய்த்தால் வளையும்.

சென்சார் முன்பக்கத்தில் தன் குழிக்குள், ஒரு ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அதை ஸ்க்ரூ பிடிக்கவில்லை. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் தொட்டியின் உலோகத்தையே தொழிற்சாலையில் தட்டி நசுக்கி அடைத்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் ஆட்கள் கார்பரேட்டரையே கெடுத்துக்கொள்கிறார்கள். தொட்டியின் விளிம்பு மேல் ஒரு தட்டையான இரும்புப் பட்டையை வையுங்கள். சின்ன திருப்புளியால் சென்சாரை லேசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நசுங்கிய உலோகத்தைச் சின்ன உளியால் மேல்நோக்கி நெம்புங்கள். நெம்புகிற பலம் பட்டையின் மேல் விழ வேண்டும், தொட்டியின் மேல் அல்ல. தொட்டி விளிம்பு கீறினால் கேஸ்கட் உட்காராது, பெட்ரோல் கசியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிளக் பக்கத்தில் அடியிலிருந்து மேலே தள்ளினால் முழுசாக வெளியே வரும். புதியதை வைத்து அதே போல லேசாகத் தட்டி அடைக்க வேண்டும். பிளஞ்சர் சீலையும் ஆக்சிலரேட்டர் பம்ப் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். மூடியைத் திறந்தபின் அவற்றை மாற்றாதவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்ததென்று நினைத்து ஓட்டிப் போகாதீர்கள். புது சென்சார் வந்தால் செட்டிங்கும் புதிதாகச் செய்தாக வேண்டும். மேல்மூடியில் ஒரு சின்ன அலுமினிய அடைப்பு இருக்கும், அதன் கீழேதான் செட்டிங் ஸ்க்ரூ. யாரும் கைவைக்கக் கூடாது என்று கம்பெனி மூடி வைத்தது. 5/64 அங்குல டிரில்லால் ஆழம் போகாமல் துளையிட்டு, அதில் ஒரு சின்ன ஸ்க்ரூவை முறுக்கி, இடுக்கியால் இழுத்தால் அடைப்பு வந்துவிடும். த்ராட்டில் முழுக்க மூடிய நிலையில், மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருப்புங்கள். என் நோட்டில் உங்கள் 305-க்கு 0.48 வோல்ட் என்று எழுதி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கும் எஞ்சினுக்கும் இந்த எண் கொஞ்சம் மாறும், உங்கள் வருஷத்து சர்வீஸ் மானுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முடிந்ததும் ஸ்க்ரூ அசையாமலிருக்க ஒட்டுப் பசை, மேலே புது அடைப்பு.

எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். டீலரிடம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். இன்று கிடைப்பது மூன்று வகை. பழைய ஸ்டாக்கில் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் ஒரிஜினல் முதல் வகை, இருந்தால் அதுதான். வேறு கம்பெனிக்காரர்கள் செய்யும் மாற்று சென்சார் இரண்டாவது. பழைய இரும்புக்கடைக் கார்பரேட்டரிலிருந்து எடுத்தது மூன்றாவது. எதை வாங்கினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரத்தை அளந்து பாருங்கள், பிளக் முனைகளையும் ஒப்பிடுங்கள். க்வாட்ராஜெட்டுக்கும் சின்ன கார்களில் வந்த இரண்டு வாய் வாராஜெட்டுக்கும் சென்சார் ஒன்றல்ல. படத்தைப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், ஏமாறாதீர்கள். இன்னொன்று, பழைய சென்சாரை மீட்டரில் பார்த்தபோது சீராக ஏறி இறங்கினால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பேர் தெரியாத புதுசைவிட நன்றாக இருக்கும் ஒரிஜினல் பழசு மேல் என்பது என் கட்சி.

என் 1985 எல் காமினோவின் கார்பரேட்டர் சென்சார் வேலை செய்யவில்லை. இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு கம்ப்யூட்டர் இல்லாத கார்பரேட்டர் ஒன்றை மாட்டு, தொல்லை விட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?
ர.மு., பிரீமான்ட், கலிபோர்னியா

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் ஸ்மாக் செக்கில் உங்களோடு வந்து நிற்கப்போவதில்லை. கலிபோர்னியாவில் 1975-க்குப் பின் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை உண்டு. புகையை மட்டும் அளக்க மாட்டார்கள், பானெட்டைத் திறந்து எது எது கம்பெனி வைத்ததோ அது இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கார்பரேட்டரைப் பார்த்ததுமே கதை முடிந்தது.

சட்டம் கிடக்கட்டும், மெக்கானிக்காகச் சொல்கிறேன். இந்தக் காரில் கார்பரேட்டர், கம்ப்யூட்டர், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் ஒரே குடும்பம். டிஸ்ட்ரிபியூட்டரில் காற்று அழுத்தத்தில் நகரும் டப்பாவும் இல்லை, உள்ளே எடைக்கட்டிகளும் இல்லை. தீப்பொறி எப்போது என்று சொல்வது கம்ப்யூட்டர். கார்பரேட்டரை மட்டும் மாற்றி வயர்களைப் பிடுங்கிவிட்டால் டைமிங் அடிப்படை நிலையிலேயே நின்றுவிடும். மலை ஏறாது, எஞ்சின் சூடாகும், பெட்ரோலைக் குடிக்கும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றுவீர்கள். அதன் பிறகு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் லாக்கப்பும் (ஒரு வேகத்துக்கு மேல் எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்ளும் கிளட்ச்) வேலை செய்யாது, அதற்கும் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். 1980-களில் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இப்படிச் செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்தில், எடுத்து எறிந்ததைத் தேடி அலைந்தார்கள்.

இது என் அப்பாவின் கார், 1990 ஓல்ட்ஸ்மொபீல் கஸ்டம் க்ரூஸர் ஸ்டேஷன் வாகன். அவர் போனபின் நான்தான் ஓட்டுகிறேன். 45 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது கட்டை வண்டி மாதிரி உதறுகிறது. வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?
எல்.வி., கொலம்பஸ், ஒஹையோ

அம்மா, அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கியர்பாக்ஸை இறக்கும் முன் பத்து நிமிஷம் கொடு என்று நான் அந்தக் கடைக்காரரிடம் சொல்லியிருப்பேன்.

உங்கள் வண்டியில் 307 எஞ்சின். 1990-லும் கார்பரேட்டரோடு வந்த கடைசிக் கார்களில் ஒன்று. கியர்பாக்ஸ் நாலு கியர் ஆட்டோமேடிக். வண்டி ஒரு வேகத்துக்கு வந்ததும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும், அதனால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சம். எப்போது பூட்டலாம், எப்போது விடலாம் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்கு வேகமும் எஞ்சின் சூடும் தெரிய வேண்டும், கால் எவ்வளவு மிதித்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவதைச் சொல்வது நம்முடைய சென்சார்.

வீட்டில் அம்மி இருந்தால் பாருங்கள், நடுவில்தான் குழி விழுந்திருக்கும். குழவி தினமும் போகிற இடம் அதுதானே. உங்கள் அப்பா முப்பது வருஷம் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓட்டியிருப்பார், நிதானமானவர்கள் எல்லாரும் அப்படித்தான். சென்சாரின் உள்முனை அந்தக் காலழுத்தத்துக்கு உரிய இடத்திலேயே உரசி உரசி அங்கே மட்டும் தடத்தைத் தேய்த்திருக்கும். இப்போது நீங்கள் அதே வேகத்துக்கு வரும்போது முனை அந்தக் குழியில் விழுகிறது. வோல்ட் ஒரு கணம் கீழே போகிறது. காலை எடுத்துவிட்டார் என்று நினைத்து கம்ப்யூட்டர் கிளட்சை விடுகிறது. மறு கணம் வோல்ட் வருகிறது, மறுபடி பூட்டுகிறது. பூட்டு, விடு, பூட்டு, விடு. அதுதான் உதறல்.

சந்தேகம் தீர ஒரு வழி: காலியான சாலையில் உதறும்போது, ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் கிளட்சை விடுவித்துவிடும். உதறல் அந்தக் கணமே நின்றால் தொல்லை லாக்கப்பைச் சுற்றித்தான். பிறகு ஹூஸ்டன் தம்பிக்குச் சொன்ன மாதிரி மீட்டரில் மெல்லத் திறந்து பாருங்கள். கால் பங்கு திறப்புக்குள் எண் ஒரு இடத்தில் குதித்தால் சென்சாரை மாற்றினால் போதும். எண் சீராக இருந்தால், வருத்தம்தான், கிளட்சே தேய்ந்திருக்கலாம். எஞ்சினில் ஒரு ஸ்பார்க் பிளக் மிஸ் அடித்தாலும் லாக்கப்பில் அப்படியே தெரியும், பிளக்கையும் வயரையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். எதுவாக இருந்தாலும் விலை மலிந்ததிலிருந்து தொடங்குங்கள்.

அண்ணை, என்ரை கார் 1984 ஷெவர்லே கப்ரீஸ், இஞ்சை டொரொன்ரோவிலை வாங்கினது. இந்த சென்சாரை ஓடர் பண்ணி எடுத்திட்டன். எங்கை பூட்டுறது எண்டு தெரியேல்லை. வயரும் இல்லை, ஓட்டையும் இல்லை.
ச.யோ., ஸ்கார்பரோ

தம்பி, பூட்ட இடம் இல்லையென்றால் பூட்ட வேண்டாம். (சென்சாரைப் 'பூட்டுறது' என்று நீங்கள் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் 'மாட்டுறது' என்போம், ஏதோ சட்டையை ஆணியில் தொங்கவிடுவது மாதிரி.)

கனடாவின் புகை விதிகள் அந்தக் காலத்தில் அமெரிக்காவைவிடத் தளர்வாக இருந்தன. 1988 மாடலோடுதான் இறுகின. அதனால் கனடாவில் விற்ற இதே கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே கிடையாது, பழைய சாதாரண க்வாட்ராஜெட்தான். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ரப்பர் குழாய் போகிற ஒரு வட்ட டப்பா இருக்கும் பாருங்கள். சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். டப்பா இருந்து விளக்கு இல்லையென்றால் உங்கள் காரில் கம்ப்யூட்டர் இல்லை. சென்சாரைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குங்கள். எடுக்காவிட்டால் ஹூஸ்டனுக்கு விற்றுவிடுங்கள்.

கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற டி.பி.ஐ. (இன்ஜெக்ஷன்) எஞ்சினின் த்ராட்டில் சென்சார் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதையே கார்பரேட்டருக்குப் போட்டால் என்ன?
பெயர் இல்லை, அட்லாண்டா

அது சுழல்கிறது, இது அமுங்குகிறது. போட முடியாது. யாராவது தகடு வெட்டி வெளியில் பொருத்தலாம் என்று சொன்னால், அவர் காரில் முதலில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறேன், ஐயா. கார்பரேட்டருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? நேராக ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கே போயிருக்கலாமே?
வி.ஆ., ஆன் ஆர்பர்

போயிருக்கலாம். காசும் நேரமும் இருந்திருந்தால்.

1970-ல் அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல்களில் புகைக்குழாயில், நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நுழைந்தது. அடுத்து வந்த மூவழிக் கன்வெர்ட்டர் நாசூக்கான பிறவி. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மூன்று நச்சு வாயுக்களில் ஒன்றை விட்டுவிடும். அவ்வளவு துல்லியம் வெறும் ஜெட்டுக்கும் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) ஊசிக்கும் கைவராது. ஐரோப்பாவில் வோல்வோ 1977-லேயே, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை இன்ஜெக்ஷனோடு சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸிடம் லட்சக்கணக்கில் கார்பரேட்டர் செய்கிற ராச்செஸ்டர் தொழிற்சாலை இருந்தது. அதை மூடிவிட்டு வேறு வழிக்குப் போவதா? கார்பரேட்டருக்குள்ளேயே ஒரு சாலினாய்டை (மின்சாரத்தில் மேலும் கீழும் நகரும் காந்தத் தண்டு) வைத்தார்கள். கம்ப்யூட்டர் அதை நொடிக்கு 10 தடவை தட்டும். ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு நேரம் கீழே இருக்கிறது என்பதை வைத்து பெட்ரோல் கூடும், குறையும். 1981-ல் அவர்களுடைய பெட்ரோல் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அமெரிக்காவில் இதுதான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். டாஷ்போர்டுக்கு அடியில் அந்த இரண்டு முனைகளை இணைத்துச் சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல் பானெட்டைத் திறந்து காதை வைத்தால் டிக் டிக் டிக் என்று கேட்கும். கார்பரேட்டருக்கு இதயத் துடிப்பு. எஞ்சின் ஓடும்போது அதை அளக்க, கார்பரேட்டர் பக்கத்தில் ஒரு பச்சை பிளக் விட்டிருப்பார்கள். அதில் பழைய டூவெல் மீட்டரை (மின்சாரம் எவ்வளவு நேரம் பாய்கிறது என்று டிகிரியில் காட்டுவது) மாட்டி, எட்டு சிலிண்டர் எஞ்சினாக இருந்தாலும் ஆறு சிலிண்டர் ஸ்கேலில் வைக்க வேண்டும். சூடான எஞ்சினில் முள் 10-க்கும் 50-க்கும் நடுவே, 30-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றால் பேச்சு நின்றுவிட்டது. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பத்து லட்ச ரூபாய் கருவியில் பார்ப்பீர்கள். நாங்கள் பதினைந்து டாலர் மீட்டரில் பார்த்தோம்.

த்ராட்டில் சென்சாரின் பங்கு என்னவென்றால், முழுக்க மிதித்துவிட்டார், இனி ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்காதே, பெட்ரோலைக் கூட்டு என்று சொல்வது. காலை எடுத்துவிட்டார் என்பதையும் அதுதான் சொல்கிறது. எஞ்சின் ஓடுகிற மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சாரின் ராஜ்யம். அதனால் ஐட்லிங்கில் புகை கருத்தால் உடனே த்ராட்டில் சென்சார் மேல் பழி போடாதீர்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் (மிதவை) மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோவையிலிருந்து எழுதுகிறேன். 2010 யமஹா எஃப்.இசட். 16 வைத்திருக்கிறேன். கார்பரேட்டர் பக்கத்தில் மூன்று வயர் உள்ள ஒரு கறுப்பு டப்பா இருக்கிறது. கார்பரேட்டரைக் கழுவிய பிறகு பிக்கப் இல்லை. இதுவும் நீங்கள் சொல்கிற சமாச்சாரம்தானா?
கே.எஸ்.

பாதி. உங்கள் மிக்குனி கார்பரேட்டரில் இருப்பதும் த்ராட்டில் சென்சார்தான், ஆனால் அது பெட்ரோல் கலவையைத் தொடுவதில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கியதைப் பார்த்து, தீப்பொறியின் டைமிங்கை மாற்றுவது மட்டும் அதன் வேலை. பெட்ரோல் அளவு முழுக்க ஜெட் பார்த்துக்கொள்கிறது. இது அமுங்குகிற வகையும் அல்ல, சுழல்கிற வகை.

கழுவிய பிறகு என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. கார்பரேட்டரை சென்சாரோடு அப்படியே பெட்ரோல் வாளியில் முக்கி, பிரஷ் போட்டு, காற்றடித்திருப்பார்கள். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் நானே அப்படித்தான் கற்றேன், அப்போது உள்ளே வயர் எதுவும் கிடையாது. அல்லது சென்சாரைக் கழற்றித் திரும்ப மாட்டியிருப்பார்கள். கழற்றுகிறவர் முதலில் சென்சாருக்கும் கார்பரேட்டர் உடம்புக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீற வேண்டும். மாட்டும்போது அந்தக் கோடு நேராக வர வேண்டும். கோடு கீறவில்லையென்றால் முதலில் பிளக்கை நன்றாகக் காயவைத்து, முனைகளைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். அப்படியும் பிக்கப் வராவிட்டால் மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். மீட்டர் வைத்திருக்கிற மெக்கானிக்காகப் பார்த்துப் போங்கள். காந்திபுரத்தில் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் டெஸ்டர் பல்ப் ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாம் பார்த்துவிடுவார். இந்த சென்சாரில் மட்டும் பல்பைத் தொட விடாதீர்கள்.